சுடாத கை

இடியப்பத்துக்கு மா குழைப்பதில் எங்கள் சொந்தத்துக்குள் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று பல வருடங்களாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமல்ல, மற்றவர்களையும் நம்ப வைத்திருந்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. மகன் படிக்க வெளிநாடு போன பிறகு வீட்டில் நானும் என்னவரும் மட்டும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்களுக்குக் குறைவிருக்காது. ‘சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. வறுத்த அரிசிமாவுக்குத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க விட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். விட்டபின் அகப்பைக் காம்பால் கிளறி, சூடு ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்று, அதன் பிறகுதான் கையை வைப்பார்கள். அதற்குள் மா இறுகிவிடும். நான் காம்பு பிடிப்பதில்லை. தண்ணீரை விட்ட உடனேயே கையை உள்ளே விட்டுப் பிசைந்துவிடுவேன். ஆவி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் ‘ஐயோ!’ என்பார்கள். அந்த ‘ஐயோ’ எனக்குச் சரியான விருப்பம்.

அந்தச் சூட்டிலேயே குழைத்து அந்தச் சூட்டிலேயே பிழிந்த இடியப்பம் பஞ்சாக இருக்கும். அடுத்த நாள் காலையிலும் இறுகாது. கேட்பவர்களிடம், “சமைக்கிற கை சூட்டுக்குப் பழக வேணும். பஞ்சு பறக்கிற மாதிரி ஊதிக்கொண்டு நிண்டால் சரிவராது” என்று சொல்லுவேன். இது பெரும்பாலும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாளுக்காகச் சொல்வது. என்னவரின் தங்கை அவள்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், பொறுமைசாலி, அகப்பைக் காம்பை விட்டு ஒருநாளும் விலகாதவள். அவளுடைய இடியப்பம் இறுக்கமாக இருக்கும். அதை அவள் முகத்துக்கு நேரேயே சொல்லுவேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் பெரிது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சைக்கிளில் மீன் கொண்டுவருபவரோடு சிங்களத்தில், மேல்மாடியிலிருந்து தண்ணீர் சிந்துகிறவர்களோடு தமிழில், டெலிபோன் கம்பனிக்காரர்களோடு ஆங்கிலத்தில் என்று ஆளுக்கேற்ற மொழியில் கத்துவேன். சில வருடங்களாக, கத்தி முடித்ததும் பிடரியில் சுத்தியலால் அடித்ததுபோல ஒரு வலி வரும். சில நொடிதான். பிறகு போய்விடும். இருமினாலும் வரும், வாய்விட்டுச் சிரித்தாலும் வரும். நான் குரலை உயர்த்தத் தொடங்கினால் என்னவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “கத்தாதேயும், பிறகு தலை இடிக்குது எண்டு சொல்லுவீர்” என்பார். அக்கறையாகத்தான் சொன்னார் என்றாலும் அதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது.

வேறு சில சங்கதிகளும் இருந்தன. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவும். பிளவுஸ் ஊசி குத்த நேரமெடுக்கும். உள்ளங்கையில் எப்போது வந்ததென்று தெரியாத சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். எண்ணெய் தெறித்திருக்கும் என்று விட்டுவிடுவேன். இடியப்ப உரலைப் பிழியக் கைக்கு வலு போதாமல், நெஞ்சைக் கொடுத்து அழுத்தப் பழகியிருந்தேன். வயது போகிறது என்று நினைத்தேன். நாற்பத்தேழு வயதில் அப்படி நினைத்தது இப்போது யோசிக்கச் சிரிப்பாக இருக்கிறது.

எல்லாம் கொட்டாஞ்சேனையில் ஒரு காலைச் சாப்பாட்டோடுதான் வெளியே வந்தது. லண்டனிலிருந்து சொந்தக்காரர் குடும்பமாக வந்து மச்சாள் வீட்டில் தங்கியிருந்தார்கள். பதினைந்து பேருக்குச் சாப்பாடு. நான் போனால் அங்கே குசினி, அடுப்பு எல்லாம் என்னுடையது என்பது எழுதாத சட்டம். மச்சாளைத் தேங்காய் திருவ அனுப்பிவிட்டு, நான் குழைத்து, பிழிந்து, தட்டுகளை அவிய வைத்தேன். லண்டன்காரி ஒருத்தி என் கையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் கை பழகுவது பற்றிய என் வழமையான பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தேன்.

“மச்சாள், கை! கையை எடுங்கோ!”

மச்சாள் திருவலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே என் வலக்கையைப் பிடித்து இழுத்தாள். பேச்சு மும்முரத்தில் நான் முன்கையை இடியப்பம் அவிகிற பானையின் விளிம்பில் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். தோல் வெள்ளையாக வெந்து, ஒரு துண்டு பானையோடு ஒட்டிக்கொண்டது. அந்த மணம்தான் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறது. எனக்கு வலி இல்லை. துளியும் இல்லை.

“ஒண்டுமில்லை, இது பழகின கை” என்றேன்.

மச்சாள் என் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பழகிறது எண்டால் சுடும், ஆனால் பொறுக்கலாம். உங்களுக்குச் சுடவே இல்லை, மச்சாள். நீங்கள் பேசிக்கொண்டு நிண்டனீங்கள்.”

லண்டன்காரியிடம் வீடியோவை நிறுத்தச் சொன்னேன். இது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. அன்றைக்கே அவள் தன் அண்ணனைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமலேயே, நாளைக்கு என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நரம்பு வைத்தியர் என்னைக் கண்களை மூடச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். மாறி மாறி இரண்டு கையிலும் வைத்து எது சுடுகிறது, எது குளிர்கிறது என்று கேட்டார். நான் சோதனைக்குப் படிக்காமல் போன பிள்ளைபோல, தைரியமாக ஊகித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு பஞ்சினால் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். அது மட்டும் ஒன்றுவிடாமல் சரி. கண்ணைத் திறந்தபோது மூலையில் இருந்த என்னவரின் முகத்தைப் பார்த்தேன். சுடுதண்ணீரை நான் என்னவென்று சொன்னேன் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

வைத்தியர் என் கையைத் திருப்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதையைக் காட்டினார். அங்கே சதை இல்லை, குழிதான் இருந்தது. இடக்கையிலும் குழி விழத் தொடங்கியிருந்தது. தினமும் பார்க்கும் கையை நான் அதுவரை பார்க்கவேயில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு, பொரளைப் பக்கம் ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர். நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் டொக்டர் கொழும்பு முஸ்லிம் பிள்ளை. என்னைத் தமிழில் இருத்தி வைத்து விளங்கப்படுத்தியது அவர்தான். படத்தில் என் கழுத்தை நெடுக்காக வெட்டியதுபோலக் காட்டினார். முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் கறுப்பாக இறங்கியது. அதன் நடுவில், கழுத்திலிருந்து நெஞ்சு மட்டத்துக்கு, வெள்ளையாக ஒரு நீளப் பை. பள்ளிக்கூடத்தில் முண்ணாணைப் படம் கீறிப் பெயரிட்டிருக்கிறேன். அதற்குள் இப்படித் தண்ணீர் கட்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

“மூளையையும் முண்ணாணையும் சுத்தி ஒரு தண்ணி இருக்கு, ஆன்ட்டி. அது மேலயும் கீழயும் போய் வரணும். உங்களுக்குப் பிறவியிலயே சிறுமூளையோட அடி நுனி கொஞ்சம் கீழ இறங்கி, மண்டையோட்டு ஓட்டைய மூடி மாதிரி அடைச்சிருக்கு. போக வழியில்லாம தண்ணி முண்ணாணுக்குள்ள ஏறிப் பையாப் போச்சு.”

“எல்லாருக்கும் இப்பிடித்தான் வாறதோ?”

“இல்ல. சில பேருக்கு முதுகுல அடிபட்டு வருஷக் கணக்குக்குப் பிறகு வரும். சில பேருக்கு மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வரும், கட்டி இருந்தாலும் வரும். உங்களுக்கு இதுதான் காரணம்.”

சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் முண்ணாணின் நட்ட நடுவால் குறுக்கே கடக்கின்றனவாம். பை பெருத்தால் முதலில் நசிபடுவது அவைதான். தொடுகையைக் கொண்டுபோகிறவை வேறு பக்கத்தால் ஏறுவதால் அவை தப்பிவிடும். அதனால்தான் மாவின் பதம் என் விரலுக்குத் தெரிந்தது, சூடு மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தலையில் தூக்கி வைத்து ஆடிய கைப்பக்குவம், ஊரெல்லாம் புகழ்ந்த அந்தப் பஞ்சு இடியப்பம், லண்டன் வரைக்கும் வீடியோவில் போன கை, எல்லாம் ஒரு வருத்தத்தின் அறிகுறி. நோய்க்கு நான் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து என்னவர், “இவ கனக்கக் கத்துறவ, டொக்டர். அதாலயும் வந்திருக்குமோ?” என்று கேட்டார்.

“கத்துறதால வருத்தம் வரல்ல, அங்கிள். வருத்தம் இருக்கிறதாலதான் கத்தக்குள்ள தலை வலிக்குது” என்று சிரித்தார் அந்தப் பிள்ளை. என்னவரின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்ததை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

பையைக் குத்தித் தண்ணீரை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பிடரி எலும்பில் ஒரு சிறு துண்டையும், கழுத்தின் முதல் எலும்பின் பின்வளைவையும் எடுத்து, உள்ளே இருக்கும் உறையைத் திறந்து, ஒரு ஒட்டுப் போட்டு அகலமாக்கித் தைப்பார்கள். பையைத் தொடவே மாட்டார்கள். தண்ணீருக்கு வழி கிடைத்தால் பை தானாக வற்றும். வற்றாவிட்டால்தான் குழாய் வைத்து வடிப்பது பற்றி யோசிப்பார்கள்.

“செய்தால் கை திரும்பி வருமோ?” என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. “இதுக்கு மேல போகாம நிப்பாட்டத்தான் செய்றோம். போனது திரும்பி வரும் எண்டு சொல்ல ஏலாது, ஆன்ட்டி. கொஞ்சம் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனா செய்யாட்டி ரெண்டு கையும் மெல்ல மெல்லப் போயிரும்.”

அன்று வீட்டுக்கு வந்து குசினியில் நின்று என் இரண்டு கைகளையும் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவேன் என்ற பயம் இல்லை. கோப்பை பிடிக்க, சீப்பால் தலை இழுக்க, ஊசி குத்த இன்னொருவர் கையை எதிர்பார்த்துக்கொண்டு, இதே வாயோடு இன்னும் முப்பது வருடம் இருக்க வேண்டி வருமோ என்ற பயம்தான். என்னவர் பின்னால் வந்து நின்று, “செய்வம்” என்றார். “ஓம்” என்றேன். நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காமல் எடுத்த முடிவுகளில் அது ஒன்று.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது நிபுணர் என் தோளில் தட்டி, “பய வென்ட எப்பா” என்றார். பயப்படாதே என்று எந்த மொழியில் சொன்னாலும் பயம் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. கண் விழித்தபோது பிடரி முழுக்கப் பாறாங்கல் கட்டியதுபோல இருந்தது. காலை ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. விரல்களை மடக்கிப் பார்த்தேன், பழையபடியே மடங்கின. என்னவர் தான் வேலை பார்க்கும் புறக்கோட்டைக் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்டால் தும்மல் என்று சொல்லுவார் என்பதால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பல வாரம் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்புவேன். கத்துவதற்குத் தெம்பும் இல்லை, துணிவும் இல்லை. உள்ளே போட்ட தையல் தெறித்துவிடும் என்று என்பாட்டில் ஒரு பயம். மேல்மாடிக்காரர் தண்ணீர் சிந்தினார்கள், நான் துணியை உள்ளே எடுத்து வைத்தேன். மீன்காரர் விலையைச் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் அவரே என்னவரிடம், நோனாவுக்கு, அதாவது எனக்கு, என்ன வருத்தம் என்று கவலையாக விசாரித்தாராம்.

காலையில் கடைப் பாணும் சம்பலும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து இடியப்பத்தோடும் சொதியோடும் வந்தாள். ஒரு ஞாயிறும் விடவில்லை. அதே இறுக்கமான இடியப்பம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

“என்ன மச்சாள், இறுக்கமாக இருக்குது எண்டு சொல்லேல்லை?”

“இறுக்கம்தான். நல்லாயிருக்கு.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தாள். கொட்டாஞ்சேனைக் கடையில் வாங்கிய நீளக் காம்பு வைத்த புது மர அகப்பை. “இனி இது இல்லாமல் மாவில கை வைக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ.” எனக்கு அகப்பைக் காம்பு! மூக்குடைபட்டதென்றால் இதுதான். இருந்தாலும் சத்தியம் பண்ணினேன்.

அரை வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளைப் பை நூல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நிபுணர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் முகத்திலும் சந்தோஷம் இருந்தது. குழாய் தேவையில்லை என்றார். கை அப்படியேதான் இருந்தது. குழி கூடவில்லை, குறையவும் இல்லை. சூடு தெரியவில்லை. கூடாததே பெரிய காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிக்கும் தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்க்கப் பழகினேன். அடுப்படியில் தடித்த கையுறை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காம்பால் கிளறி, என்னவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர் சரியென்ற பிறகு கை வைத்தேன். அவர் அந்த உத்தியோகத்தை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொண்டார். ஒரு விரலை வைத்துவிட்டு, வானிலை அறிக்கை வாசிப்பவர்போல, “இன்னும் ரெண்டு நிமிசம்” என்பார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. மச்சாள் வரவில்லை, கோவிலில் ஏதோ விசேஷம். என்னவர் குளியலறையில் சவரம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கொதிநீரை விட்டு வலக்கையால் காம்பைப் பிடித்துக் கிளறினேன். வலக்கைக்கு வலு காணாது என்பதால் கிண்ணம் வழுகியது. யோசிக்காமல், கையுறை போடாத இடக்கையால் கிண்ணத்தை எட்டிப் பிடித்தேன். இரண்டு விரல் மாவுக்குள் போய்விட்டது.

“ஐயோ! சுடுது!”

அது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கீழ்வீட்டில் கதவு திறந்தது. என்னவர் ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடி வந்தார்.

“என்ன செய்தனீர்? காம்பு எங்கை? எத்தினை தரம் சொன்னனான்!” என்று என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தார்.

“விடுங்கோ, விடுங்கோ” என்று இழுத்தெடுத்து, சின்னவிரலையும் பக்கத்து விரலையும் திரும்பவும் மாவில் வைத்தேன். சுட்டது. நன்றாகச் சுட்டது. மற்ற விரல்கள் சும்மா இருந்தன. இந்த இரண்டு மட்டும் எரிந்தன. “சுடுது! இஞ்சாருங்கோ, சுடுது!” என்று இன்னுமொரு தரம் கத்தினேன்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நுரை வழிந்து சட்டையில் விழுந்தது. பிறகு மெல்ல, “தலை?” என்று கேட்டார்.

நான் பிடரியைத் தடவிப் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து இரண்டு தரம் கத்தியிருக்கிறேன். சுத்தியல் விழவில்லை. தழும்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. சரிபார்க்க வேண்டுமே என்று யன்னலுக்குப் போய், மேல்மாடிக்காரரைப் பார்த்து, அரை வருடத்துக் கணக்குக்கும் சேர்த்து, தண்ணீர் சிந்துவதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினேன். ஒன்றும் இடிக்கவில்லை. என்னவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தேன். “மச்சாள், எனக்குச் சுட்டுப்போட்டுது” என்றேன். அந்தப் பக்கம் கோவில் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அதற்குள் மா ஆறிவிட்டது. இருந்ததைப் பிழிந்து அவித்தேன். என்னவர் ஒரு இடியப்பத்தை எடுத்து, பிய்த்து, வாயில் வைத்து, கொஞ்ச நேரம் மென்றார்.

“என்ன?” என்றேன்.

“கொஞ்சம் இறுக்கம்” என்றார். “தங்கச்சியின்ரை மாதிரி.”

நான் ஏழு சாப்பிட்டேன்.